இயன் மர்டாக்

இயன் ஆஷ்லி மர்டாக் (ஏப்ரல் 28, 1973 - டிசம்பர் 28, 2015) ஓர் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் ஆவார். இவர் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைத் தோற்றுவித்தவர். ஓர் இயங்குதளத்தைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உருவாக்கிப் பேணும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் பகிர்ந்தளிக்கும் முறை இவர் தொடங்கிய திட்டத்தில் உருப்பெற்றது.

இளமை

மர்டாக் மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வளர்ந்தார். இவருடைய தந்தை பர்டியூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்தவர். மர்டாக்கும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1996ஆம் ஆண்டு கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

டெபியனின் தோற்றம்

மாணவராக இருந்த காலத்தில், 1993ஆம் ஆண்டு, மர்டாக் லினக்சைப் பயன்படுத்தத் தொடங்கினார். லினக்ஸ் என்பது வன்பொருளை இயக்கும் கருனி மட்டுமே. அதனுடன் குனு திட்டத்தின் கருவிகளையும் பிற நிரல்களையும் சேர்த்து, பயனர் நிறுவிக்கொள்ளத்தக்க வடிவில் தரப்படும் தொகுப்பு வழங்கல் எனப்படும். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட வழங்கல் சாஃப்ட்லேண்டிங் லினக்ஸ் சிஸ்டம் ஆகும். அதில் வழுக்கள் மலிந்திருந்தன. அவை உரிய காலத்தில் களையப்படவும் இல்லை. முதலில் அதனையே செப்பனிட முயன்ற மர்டாக், புதிதாக ஒன்றை ஆக்குவது எளிது எனக் கண்டார்.

1993 ஆகஸ்ட் 16 அன்று தமது திட்டத்தை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 20. பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரான இயனையும் இணைத்து டெபியன் எனப் பெயரிட்டார். கருனியைப் போலவே வழங்கலும் பலருடைய கூட்டு முயற்சியால் திறந்த முறையில் ஆக்கப்பட வேண்டும் என்பதைத் தாம் எழுதிய டெபியன் கொள்கை அறிக்கையில் வலியுறுத்தினார். 1994 நவம்பர் முதல் ஓராண்டு காலம் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இத்திட்டத்திற்கு ஆதரவளித்தது.

பொதி முறைமை

ஒரு வழங்கலில் உள்ள நூற்றுக்கணக்கான நிரல்களை ஒருவரே தொகுத்துச் சோதித்துப் பேணுவது இயலாத செயல். இதற்குத் தீர்வாக அமைந்ததே பொதி முறைமை. ஒரு பொதியில் நிரலின் கோப்புகளுடன் அதன் பெயர், பதிப்பு எண், அது இயங்கத் தேவைப்படும் பிற பொதிகளின் பட்டியல் ஆகியவை அடங்கியிருக்கும். இவ்விவரங்களைக் கொண்டு ஒரு நிரலைப் பிறவற்றைக் குலைக்காமல் நிறுவவும் நீக்கவும் புதுப்பிக்கவும் முடியும்.

பொதிகளைக் கையாளும் டிபிகேஜி என்னும் கருவியின் முதல் வடிவத்தை மர்டாக் எழுதினார். பின்னர் இயன் ஜாக்சன் அதன் முதன்மைப் பகுதியை சி மொழியில் மாற்றி எழுதினார். 1994 ஜனவரியில் வெளியான 0.91 பதிப்பில் எளிய பொதி முறைமை இடம்பெற்றது. 1995 மார்ச்சில் வெளியான 0.93 வரிசைப் பதிப்பில் ஒவ்வொரு பொதிக்கும் உரிய பொறுப்பாளர் யார் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டது. இதனால் ஒரு வழு கண்டறியப்பட்டால் அதனைத் திருத்த வேண்டியவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை.

எனினும், சோதித்து முடிக்கப்படாத நிலை ஒன்றைக் குறுந்தட்டு வெளியிடும் நிறுவனம் ஒன்று 1.0 எனப் பெயரிட்டு 1995ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழப்பத்தைத் தவிர்க்க அந்த எண்ணையே டெபியன் கைவிட்டது. 1996 ஜூனில் 474 பொதிகளுடன் 1.1 பதிப்பு வெளியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், மர்டாக் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அவருக்குப் பின் புரூஸ் பெரென்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். பணி ஏற்கனவே பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்ததால், நிறுவனர் விலகியபோதும் திட்டம் தடைப்படவில்லை.

சோதனைப் படிநிலைகள்

மர்டாக் விலகிய பின்னர் இம்முறைமை மேலும் விரிந்தது. தேவையான பொதிகளை வலையமைப்பு வழியாகத் தானே பெற்றுத் தரும் ஏபிடி கருவி 1999ஆம் ஆண்டு 2.1 பதிப்புடன் வந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில், நிலையற்ற கிளைக்கும் நிலையான கிளைக்கும் இடையே சோதனைக் கிளை உருவாக்கப்பட்டது. புதிய பொதி முதலில் நிலையற்ற கிளையில் சேர்கிறது. வெவ்வேறு செயலி வகைகளுக்கு அதன் மூலநிரலைத் தானியங்கிக் கணினிகள் தொகுக்கின்றன. வழக்கமாக 2 முதல் 10 நாட்கள் வரை காத்திருந்து, கடுமையான புதிய வழுக்கள் இல்லாமலும் சார்ந்துள்ள பொதிகள் கிடைக்கும் நிலையிலும் இருந்தால் மட்டுமே அது சோதனைக் கிளைக்கு நகரும். சோதனைக் கிளை உரிய காலத்தில் உறையவைக்கப்பட்டு, எஞ்சிய வழுக்கள் களையப்பட்ட பின் நிலையான பதிப்பாக வெளியிடப்படுகிறது.

பிற்காலப் பணிகள்

2000ஆம் ஆண்டில் மர்டாக், ஜான் ஹார்ட்மன் என்பவருடன் இணைந்து டெபியனை அடிப்படையாகக் கொண்ட புரொஜெனி லினக்ஸ் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனம் 2007ஆம் ஆண்டில் மூடப்பட்டது. லினக்ஸ் வழங்கல்களுக்கான பொதுத் தரமாகிய லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் பணிக்குழுவிற்கும் இவர் தலைமை வகித்தார். 2007இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, இந்தியானா திட்டத்தை வழிநடத்தினார். அதன் விளைவாக 2008 மே மாதத்தில் வெளியான ஓப்பன்சொலாரிஸ், வலையமைப்பு வழியாகப் பொதிகளைப் பெறும் வசதியைக் கொண்டிருந்தது. ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியபின் 2010இல் அங்கிருந்து விலகினார். பின்னர் எக்சாக்ட்டார்கெட் நிறுவனத்திலும், 2015 நவம்பர் முதல் டாக்கர் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

மறைவும் நினைவும்

மர்டாக் 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் தமது 42ஆவது வயதில் காலமானார். 2017 ஜூன் 17 அன்று, 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளுடன் வெளியான டெபியன் 9 பதிப்பு இவருடைய நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 டெபியன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

2004ஆம் ஆண்டு முதல் வெளிவரும் உபுண்டு, டெபியனின் பொதிகளையே அடித்தளமாகக் கொண்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியனிலிருந்து தோன்றியதே. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸும் நிறுவப்பட்டிருந்தது.