இயற்றமிழ் மாணவரின் ஆசான்

நம் இலக்கிய வட்டத்தின் ஞாயிறு வகுப்பில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மனோன்மணீயம் பாட்டா நாடகமா என்று வினவினாள். இரண்டும் என்றேன். அவள் முகத்தில் நிறைவில்லை. அன்று என் நினைவிற்கு வந்தவர் பரிதிமாற்கலைஞர்.

மதுரைத் திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன். வடமொழியைத் தந்தையாரிடமும் தமிழைச் சபாபதி முதலியாரிடமும் கற்றார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். அங்கே முதல்வர் மில்லர், டெனிசன் கவிதையில் வரும் படகு உவமையை வியந்து விளக்க, இம்மாணவர் எழுந்து கம்பனில் குகன் செலுத்திய ஓடத்தைக் காட்டினார் என்பர். மெய்யியல் கற்பிக்கும் பணி அவருக்காகக் காத்திருந்தது. தமிழ் கற்பிப்பார்க்கு மதிப்புக் குறைந்திருந்த அக்காலத்தில், அவர் தமிழையே வேண்டிப் பெற்றார்.

கல்லூரிப் பாடவேளை அவருக்குப் போதவில்லை. ஆர்வமுடைய மாணவரை வீட்டிற்கு வரவழைத்துத் தொல்காப்பியம் முதலியவற்றைப் பொருள் பெறாது கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என அழைத்தார். முத்தமிழில் கூத்திற்கு இலக்கண நூல் எஞ்சாத குறை அவரை உறுத்தியது போலும். 1897இல் நாடகவியல் என்னும் நூலைப் பாவாலேயே யாத்தார். வடமொழி மரபையும் ஆங்கில நாடகத்தையும் துணைக்கொண்டு நாடக உறுப்புகளை வகுத்த நூல் அது. இலக்கணம் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ரூபாவதி, கலாவதி ஆகிய நாடகங்களை எழுதியதோடு மேடையில் பெண் வேடமும் பூண்டார். பேராசிரியர் ஒருவர் அன்று அவ்வாறு செய்தது எத்துணைத் துணிவு!

சிறுவர்க்கு வேறுபாட்டை உணர்த்த அவர்தம் மானவிசயத்தினும் சிறந்த துணை நான் கண்டதில்லை. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்று, அதனைப் பருகாமல் உயிர்நீத்தான். புறநானூற்று 74ஆம் பாட்டில் அவன் மானம் ஏழே அடியில் குமுறுகிறது. நிகழ்ச்சி அங்கே சொல்லப்படவில்லை. பாட்டின்கீழ் அமைந்த உரைநடைக் குறிப்பு நிகழ்ச்சியைச் சொல்கிறது; குமுறல் அங்கே இல்லை. களவழி நாற்பதோ போர்க்களத்தை மட்டும் பாடுகிறது. பரிதிமாற்கலைஞர் இவ்வரலாற்றை நாடகமாக்கினார். சிறைக்காவலனும் அரசனும் நம் கண்முன் நின்று பேசவேண்டிய இடம் அது. இக்கதையை மூன்று வகையாகவும் பிள்ளைகளைச் செய்யவிட்டேன். தண்ணீர்க் குவளையைக் கையில் வாங்கியவுடன், அரசனாக நடித்த சிறுவன் வாயடைத்து நின்றான். செய்யுள் என்பது வடிவம், நாடகம் என்பது நிகழ்த்தும் முறை. ஆதலின் ஒரு நூல் இரண்டுமாக இருத்தல் கூடும் என்பதை அச்சிறுமி அப்போதுதான் ஏற்றாள். முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

ஞானபோதினி இதழில் அவர் எழுதிய பதினான்கடிப் பாக்கள் தனிப்பாசுரத்தொகை ஆயின. தம் பெயரைக் கண்டு புகழ்வதோ இகழ்வதோ வேண்டாவென்று, பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் எனப் புனைந்து வெளியிட்டார். போப் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உரைநடையில் மதிவாணன் என்னும் புதினமும் அவரதே. அதன் நடை இன்றைய இளைஞர்க்குக் கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்தினின்று தமிழை நீக்க முயற்சி எழுந்தபோது, மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு நின்று எதிர்த்தார். தமிழ் மொழியின் வரலாறு எழுதித் தமிழ் உயர்தனிச் செம்மொழி என நிறுவினார். நடுவணரசு அதனைச் செம்மொழியென அறிவித்தது 2004இல். அவரோ எலும்புருக்கி நோயால் 1903 நவம்பர் 2ஆம் நாள், முப்பத்து மூன்றாம் அகவையில் மறைந்திருந்தார்.