ஊமைத்துரையும் படைக்கலமும்

பாண்டி நாட்டின் கீழைக் கடற்கரை பண்டு தொட்டே முத்துக்குப் பெயர் பெற்றது. அக்கரையிலுள்ள தூத்துக்குடித் துறையை நாடி மேலை நாட்டு வணிகர் பலர் வந்தனர். முதலில் போர்ச்சுக்கீசியரும், 1658ஆம் ஆண்டிற்குப் பின் டச்சுக்காரரும் அத்துறையில் மேலோங்கி நின்றனர். அத்துறைக்கு வடமேற்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்த கரிசல் நிலத்தில் அமைந்திருந்தது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம். 1783ஆம் ஆண்டில் புல்லர்ட்டன் என்னும் ஆங்கிலத் தளபதி அப்பாளையத்தின் கோட்டையைக் கைப்பற்றியபோது, பீரங்கிகளும் வெடிமருந்தும் மட்டுமன்றி, பாளையக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே ஏற்பட்டிருந்த உடன்படிக்கை ஒன்றும் அவர் கைக்குக் கிடைத்தது. கரிசல் நிலத்துக் கோட்டைக்கும் கடற்கரைத் துறைக்கும் இருந்த தொடர்பு இதனால் விளங்கும்.

அப்பாளையத்தை 1790ஆம் ஆண்டு முதல் ஆண்டவர் வீரபாண்டிய கட்டபொம்மன். அவருடைய தம்பியருள் ஒருவர் குமாரசாமி. அவருக்குப் பேச்சு எளிதில் வராது. அதனால் நாட்டு மக்கள் அவரை ஊமைத்துரை என்று அழைத்தனர். நாவால் சொல்ல இயலாததை அவர் கைச்சாடையாற் சொன்னார். துரும்புகள் சிலவற்றை இடக்கையில் அடுக்கி, அவற்றை ஆங்கிலப் படையாகக் காட்டுவார். பின்னர் வாயினால் ஓர் ஒலி எழுப்பி, அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிவார். தாக்குதற்குரிய ஆணை அதுவே. அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரியே, 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதனை வியந்து எழுதியுள்ளார்.

ஊமைத்துரையின் காலத்துப் போர்க்கருவிகள் எத்தகையன என்பதை அறிந்தாலன்றி அவருடைய ஆற்றலை நாம் அளவிட இயலாது. அக்காலத்துத் துப்பாக்கியிற் கரிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியே இட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். திரியின் நெருப்போ, சக்கிமுக்கிக் கல்லின் பொறியோ அம்மருந்தைப் பற்றச் செய்யும். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி ஆகிய மூன்றாலும் ஆன அம்மருந்து ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது, நனைந்தால் பற்றாது. சில முறை சுட்டவுடன் குழலினுள் கரி படியும். அதனைத் துடைக்காமற் குண்டை இட்டால், குண்டு பாதி வழியிலேயே சிக்கும். அந்நிலையிற் சுட்டால் குழல் பிளந்து, சுடுபவன் கையையே சிதைக்கும்.

பீரங்கியோ இதனினும் கொடியது. ஒரு குண்டு வெளிப்பட்டவுடன், நீரில் தோய்த்த துடைகோலைக் குழலினுட் செலுத்தி, உள்ளே தங்கிய கனலை அவித்தல் வேண்டும். ஆத்திரத்தால் அதனை மறந்து அடுத்த மருந்தை இட்டால், அம்மருந்து அக்கணமே வெடித்து, அதனை இடுபவனைக் கொல்லும். வெடிமருந்தை வைக்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படை பெய்லி என்பவரின் கும்பெனிப் படையை வளைத்துக்கொண்டது. அப்போது கும்பெனியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பகைவரைச் சுட வைத்திருந்த மருந்து தம் வரிசையையே சிதைத்தது. அப்படையும் அன்றே அழிந்தது.

இனி, பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோம். வரி செலுத்துதல் பற்றிய பூசல் முற்றிப் போராக மூண்டது. 1799ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பானர்மேன் என்னும் தளபதி கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எனினும், பெரும் பீரங்கிகள் வந்து சேரின் கோட்டை நில்லாது என்பதைக் கண்ட கட்டபொம்மன் தம் துணைவருடன் வெளியேறினார். பின்னர் அவர் பிடிக்கப்பட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. பாளையக்காரர் தம் கோட்டைகளைத் தகர்த்து, துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் ஒப்படைத்துவிட வேண்டுமென்று பானர்மேன் ஆணையிட்டார்.

ஓராண்டிற்கு மேல் சிறைவாசம் நீண்டது. 1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, ஆங்கில அதிகாரிகள் விருந்தொன்றில் அமர்ந்திருந்தனர். சிறையில் அம்மை நோய் கண்டிருந்தமையால் காவற்கட்டு சற்றே தளர்ந்திருந்தது. விறகு விற்போர் போல வேடம் பூண்டு வந்த பாஞ்சை வீரர், காவலரை மடக்கி, அவர்தம் படைக்கலங்களைப் பறித்து, ஊமைத்துரையை மீட்டுச் சென்றனர். காவலர் கையிலே துப்பாக்கி இல்லாமலில்லை, விழிப்புத்தான் இல்லை. விழிப்பற்றவன் கையிலுள்ள கருவி பகைவனுக்கே உதவும் என்பதைக் கும்பெனியார் அன்று கண்டனர்.

சில நாள்களில் மக்காலே என்னும் தளபதி படையுடன் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தார். இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்திலே மீண்டும் ஒரு கோட்டை எழுந்து நின்றது! இரவு பகலாக உழைத்த மக்கள் அதனை மண்ணால் எழுப்பியிருந்தனர். மதில் மண்ணால் ஆயினமையின், சிறிய பீரங்கிக் குண்டுகள் அதனைப் பிளவாமல், அதனுட் புதைந்து போயின. தம்மிடமுள்ள படை போதாதென்று மக்காலே திரும்பிச் சென்றார்.

அவ்விடைவேளையில் பாஞ்சை வீரர் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். டச்சுக்காரர் கையினின்று கும்பெனியார் வசமாகியிருந்த அத்துறையில் சிறு காவற்படையே இருந்தது. கடலை நோக்கிய வாயில் ஒன்று கையில் இருத்தல் வெடிமருந்து அரிதான படைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மார்ச்சு 31ஆம் நாள் கும்பெனியார் கோட்டையை மீண்டும் தாக்கினர். பீரங்கியால் மதிலில் ஏற்பட்ட உடைப்பின் வழியே அவர்கள் ஏற முயன்றனர். உள்ளே நின்ற வீரரிடம் பதினெட்டு முதல் இருபது அடி நீளமுள்ள ஈட்டிகள் இருந்தன. உடைப்பின் மேல் ஏறியவர் எவரும் உள்ளே இறங்க இயலவில்லை. பலர் மாண்டனர், எஞ்சியோர் பின்வாங்கினர். ஈட்டிக்கு வெடிமருந்து வேண்டா; மழையும் ஈரமும் அதனை வாளா ஆக்கா. கூர் மழுங்காமல் தீட்டி, காம்பு உளுத்துப் போகாமற் காத்தால் போதும். அதனை ஏந்துபவன் அஞ்சாமல் வரிசையில் நிற்றல் வேண்டும். பாஞ்சை வீரர் அவ்வாறு நின்றனர்.

ஆயினும், பீரங்கியின் வலிமையை ஈட்டி என்றும் தடுத்து நிறுத்த இயலுமா? அக்னியூ என்னும் தளபதியின்கீழ் மேலும் படைகளும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. மே 24ஆம் நாள் மதில் உடைந்தது; கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை படுகாயமுற்றுப் பிணங்களுக்கிடையே கிடந்தார். அன்றிரவு தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி அவனைக் குற்றுயிராகக் கண்டாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகிற் கிடக்கும் துரையைக் காக்குமாறு வேண்டினான். அவளும் அவரை எடுத்துச் சென்று காத்தாள். தேடி வந்த வீரரிடம், அம்மையால் இறந்தவன் உடல் இது என்று பெண்கள் அழுது கூறவே, வந்தவர் அஞ்சி விலகினர் என்று வெல்ஷ் எழுதுகிறார். எந்தப் படைக்கலமும் காக்க இயலாத உயிரை ஓர் ஏழைத் தாயின் அன்பு காத்தது.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமையை அடைந்து மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டார். அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. மருது சகோதரர் அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் பகுதிக்குச் சென்ற ஊமைத்துரையும் பிடிபட்டார். 1801ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், அவர் பிறந்த பாஞ்சாலங்குறிச்சி மண்ணிலேயே அவரைத் தூக்கிலிட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென்னாட்டு மக்கள் படைக்கலம் ஏந்துதலைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார்.

ஊமைத்துரை மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1884ஆம் ஆண்டில், ஐரம் மாக்சிம் என்பவர் தானே சுட்டுத் தானே நிரப்பிக்கொள்ளும் இயந்திரத் துப்பாக்கியை அமைத்தார். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 குண்டுகளை வெளியிடும். கருவி மாறியதேயன்றி, அதனைப் பேணும் கடமை மாறவில்லை. இடையறாது சுட்டால் குழல் கனலாகக் காயும். அந்நிலையில் உள்ளே தங்கிய தோட்டா, விசையைத் தொடாமலே வெடிக்கும். அதனால்தான் மாக்சிம் தம் துப்பாக்கியின் குழலைச் சுற்றி நீர் நிரம்பிய உறை ஒன்றை வைத்தார். மணலும் கரியும் உள்ளே படிந்தால் இயக்கம் தடைப்படும். 1960களில் வியத்நாம் போரில் அமெரிக்க வீரர் பலருக்கு எம்-16 துப்பாக்கி வழங்கப்பட்டபோது, அதனைத் துடைக்கும் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படவில்லை. தோட்டாவின் மருந்தும் மாற்றப்பட்டிருந்தது. போரின் நடுவே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. அவற்றைச் சரிசெய்ய முயன்ற நிலையிலேயே வீரர் சிலர் உயிர் துறந்தனர். குழலின் உட்புறத்திற்குக் குரோமியப் பூச்சும், வீரர்க்குத் துடைகருவியும் பயிற்சியும் தந்த பின்னரே குறை குறைந்தது.

ஆதலின், படைவீரன் கற்கும் முதற்பாடம் சுடுதல் அன்று. கருவியைக் கையில் எடுத்தவுடன் அதனுள் தோட்டா உண்டோ என்று தானே பார்த்தல், அதன் வாயை மனிதர்பாற் திருப்பாமை, விசையில் விரலை வாளா வையாமை, நாள்தோறும் துடைத்து எண்ணெயிடுதல், தோட்டாக்களை வெப்பமும் ஈரமும் அணுகாவண்ணம் காத்தல் ஆகியனவே அப்பாடம். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் முதலில் துன்புறுபவர் பகைவர் அல்லர். அக்கருவியை ஏந்தியவரும் அவர் அருகில் நிற்போருமே ஆவர்.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று அப்பழைய மதில் இல்லை; 1974ஆம் ஆண்டில் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே நிற்கிறது. அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் அப்பகுதியில் உள்ளன. இரு திறத்தாரும் துயிலும் அம்மண்ணைக் காண்பவர், ஊமைத்துரையின் வீரத்தைப் போற்றுவதோடு, படைக்கலம் ஏந்துவோர் சுமக்கும் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதையும் நினைவார்களாக.