பறவை ஓவியர் ஆடுபன்

வட அமெரிக்காவில் ஓஹியோ என்னும் பேராறு பாய்கின்றது. பிட்ஸ்பர்க் நகரில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் தோன்றி, ஏறத்தாழ 980 மைல் தொலைவு ஓடி, மிசிசிப்பி ஆற்றில் அது கலக்கின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதன் இரு கரைகளிலும் அடர்ந்த காடுகள் இருந்தன. அக்காடுகளின் ஊடே, தோளில் துப்பாக்கியும் பையில் வரைதாள்களும் கொண்டு, வணிகர் ஒருவர் தனியே நடந்து திரிவார். கடையில் இருக்கவேண்டிய பொழுதெல்லாம் அவர் காட்டில் இருந்தார். கணக்கேட்டில் எழுதவேண்டிய கை, பறவைகளின் இறகுகளை வரைந்துகொண்டிருந்தது. அதனால் அவர் தம் பொருளையெல்லாம் இழந்தார். ஆயினும் உலகம் ஒரு பெருஞ்செல்வத்தைப் பெற்றது. அவரே ஜான் ஜேம்ஸ் ஆடுபன்.

ஆடுபன் 1785-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், இன்று ஹெய்ட்டி என வழங்கும் நாட்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். தாயார், மகன் பிறந்த சில திங்களிலேயே இறந்தார். குழந்தை பின்னர்ப் பிரான்சு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, லுவார் ஆற்றங்கரையிலுள்ள நாந்து நகர்ப் பக்கத்தில் வளர்ந்தது. சிற்றன்னையார் அவரைத் தம் வயிற்றில் பிறந்த மகனைப் போலவே போற்றி வளர்த்தார். தந்தையாரோ மகனைக் கடற்படை வீரனாக்க விரும்பினார். சிறுவனின் உள்ளம் கடலை நாடவில்லை. பள்ளிக்கெனப் புறப்படும் சிறுவன், ஆற்றோரத்துப் புதர்களில் நுழைந்து, கூடுகளையும் முட்டைகளையும் இறகுகளையும் தேடித் திரட்டி, மாலையில் வீடு திரும்புவான். கண்ட பறவைகளைத் தாளில் வரைவதும், வரைந்தது பறவையைப் போல் இல்லை என்று வருந்துவதும் அவனுக்கு வழக்கமாயின.

அக்காலத்தில் நெப்போலியன் தன் போர்களுக்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தான். மகனைப் படையிலிருந்து காக்க எண்ணிய தந்தையார், 1803-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதான அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பென்சில்வேனியா மாநிலத்தில், பெர்க்கியோமன் என்னும் ஓடையின் கரையில், தந்தையாருக்கு மில் குரோவ் என்ற பண்ணை ஒன்று இருந்தது. அங்கேதான் ஆடுபனின் பறவைக் கல்வி உண்மையில் தொடங்கியது. ஓடைக்கரையிலிருந்த ஒரு பாறைக் குகையில், பீபி என்னும் சிறு பறவைகள் கூடு கட்டியிருந்தன. அவர் நாள்தோறும் அங்கே சென்று அமைதியாக அமர்ந்திருப்பார். அப்பறவைக் குஞ்சுகளின் காலில் வெள்ளி நூலைக் கட்டிவிட்டதாகவும், அவற்றுள் இரண்டினை மறு ஆண்டில் அப்பகுதியிலேயே கண்டதாகவும் பிற்காலத்தில் அவர் எழுதினார். அவர் அந்த ஆண்டு இளவேனிலில் பிரான்சுக்குச் சென்றுவிட்டார் என்பதைக் காட்டி, இச்செய்தியை ஆராய்ச்சியாளர் சிலர் இன்று ஐயுறுகின்றனர். கதையைச் சற்றே அழகுபடுத்திக் கூறும் இயல்பு ஆடுபனுக்கு இருந்தது என்பது உண்மையே. ஆனால், பறவையின் முன் பல மணிநேரம் பொறுமையோடு காத்திருக்கும் பழக்கத்தை அந்த ஓடைக்கரை அவருக்கு அளித்தது என்பதில் ஐயமில்லை.

வரையும் முறையிலும் அவர் அங்கே ஒரு புதுமை கண்டார். செத்த பறவையைக் கயிற்றில் தொங்கவிட்டு வரைந்தால், படமும் செத்ததாகவே தோன்றியது. அவரோ, புதிதாகச் சுட்ட பறவையின் உடலில் கம்பிகளைச் செருகி, அது பறக்கும்போதும் இரை தேடும்போதும் எவ்வாறு நிற்குமோ அவ்வாறே ஒரு பலகையில் நிறுத்தினார். பலகையிலும் தாளிலும் சம அளவான கட்டங்கள் வரைந்து, பறவையின் உருவத்தை அளவு பிசகாமல் தீட்டினார்.

பக்கத்துப் பண்ணையில் லூசி பேக்வெல் என்னும் நங்கை இருந்தார். கல்வியும் துணிவும் வாய்ந்த அவரை ஆடுபன் 1808-ஆம் ஆண்டில் மணந்தார். அதற்கு முன்னரே, 1807-இல், ஓஹியோ ஆற்றங்கரையில் லூயிவில் என்னும் ஊரில் அவர் ஒரு கடை வைத்திருந்தார். அங்கே ஆறு பாறைப் படுகையில் சரிந்து, விரைந்து பாயும். அந்த அருவிக்கரை நீர்ப்பறவைகள் கூடும் இடமாதலின், கடைக்காரரை அங்கேதான் தேடவேண்டியிருந்தது.

லூயிவிலுக்கு அருகில் உள்ளே குடைவுபட்ட மிகப் பெரிய சிக்கமோர் மரம் ஒன்று நின்றது. மாலைதோறும் உழவாரன் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் பொந்துக்குள் புகும். வைகறையில் பேரிரைச்சலோடு வெளியேறும். ஆடுபன் மரத்தின் அடியில் ஒரு துளை இடச் செய்து, இரவில் விளக்கோடு உள்ளே நுழைந்து பார்த்தார். மரத்தின் உட்சுவர் முழுவதும் குருவிகள் நெருக்கமாகப் பற்றிக்கொண்டிருந்தன. ஓர் அடிப் பரப்பில் எத்தனை என்று எண்ணி, மொத்தம் ஏறத்தாழ 9,000 பறவைகள் அம்மரத்தில் தங்கின என்று அவர் கணக்கிட்டார். வியந்து பார்த்ததோடு நில்லாமல், எண்ணியும் அளந்தும் குறித்துவைப்பது அவருடைய வழக்கமாயிற்று.

1810-ஆம் ஆண்டில் ஆடுபன் குடும்பம் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஹெண்டர்சன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சில ஆண்டுகள் வணிகம் செழித்தது. ஒருமுறை அவர் பிலடெல்பியா நகருக்குச் சென்றபொழுது, தம் ஓவியங்களை மரப்பெட்டி ஒன்றில் வைத்து, உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றார். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். அந்தோ! எலி இணை ஒன்று அதனுள் புகுந்து, தாள்களையெல்லாம் துண்டு துண்டாகக் கடித்து, அவற்றின்மேல் குட்டிகளை ஈன்றிருந்தது. ஏறத்தாழ 200 ஓவியங்கள் அழிந்தன. சில நாள் அவர் உறக்கமின்றித் தவித்தார். பின்னர்த் துப்பாக்கியையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு மீண்டும் காட்டிற்குள் புகுந்தார். முன்னினும் சிறந்த படங்களை இனி வரையலாம் என்பதே அவர் தமக்குக் கூறிக்கொண்ட ஆறுதல். மூன்று ஆண்டுகளுக்குள் பெட்டி மீண்டும் நிறைந்தது.

1813-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஹெண்டர்சனிலிருந்து லூயிவிலுக்குச் செல்லும் ஆற்றோரப் பாதையில் ஆடுபன் சென்றுகொண்டிருந்தார். வானில் பயணிப் புறாக்கள் வரத் தொடங்கின. அவர் இறங்கி அமர்ந்து, கூட்டத்திற்கு ஒரு புள்ளியாகத் தாளில் குறித்தார். 21 நிமிடத்தில் 163 புள்ளிகள் சேர்ந்தன. மேலும் மேலும் கூட்டங்கள் வரவே, எண்ணுவதைக் கைவிட்டு எழுந்தார். நண்பகற் கதிரவன் கிரகணம் பற்றியது போல் மங்கிற்று. மூன்று நாள் அப்பறவை வெள்ளம் ஓயவில்லை. மூன்று மணிநேரத்தில் கடந்து செல்லும் ஒரு கூட்டத்தில் மட்டும் நூறு கோடிக்கு மேற்பட்ட புறாக்கள் இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். ஆற்றங்கரையில் ஆடவரும் சிறுவரும் திரண்டு, புறாக்களை ஓயாமல் சுட்டு வீழ்த்தினர். அதனைக் கண்ட ஆடுபன், காடுகள் குறைந்தாலன்றி இப்பறவைகள் குறையமாட்டா என்று நம்பினார். பறவைகளை அவ்வளவு நுணுகி நோக்கிய கண்களும் ஏமாந்த இடம் அதுவே.

1819-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைப் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. ஆடுபன் தொடங்கிய நீராவி ஆலை நொடித்தது. வீடும் கடையும் நிலமும் கடன்காரர் கைக்குப் போயின. அவரும் கடனுக்காகச் சிறை புகுந்தார். உடுத்த உடையும் துப்பாக்கியும் ஓவியங்களுமே எஞ்சின. அவருடைய பெண் குழந்தைகள் இருவரும் இளமையிலேயே இறந்துபோயினர். மனைவியும் இரண்டு ஆண் மக்களும் அவரை நம்பியிருந்தனர். சில காலம் உருவப்படம் வரைந்தும், சின்சினாட்டி நகர்க் காட்சிச்சாலையில் பணிபுரிந்தும் அவர் வயிறு வளர்த்தார்.

அந்த நிலையில்தான் அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் உயிருள்ள அளவிலேயே வரைந்து நூலாக்குவது என்று அவர் உறுதி பூண்டார். 1820-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், சின்சினாட்டியில் ஒரு சரக்குப் படகில் ஏறினார். பதின்மூன்று வயதுடைய ஜோசப் மேசன் என்னும் மாணவன் அவருடன் சென்றான். படகுக் கூலி கொடுக்கப் பணமில்லை. படகினர்க்கு வேட்டையாடி உணவளிப்பதே கூலியாயிற்று. ஓஹியோ வழியே மிசிசிப்பியை அடைந்து, படகு நின்ற கரைதோறும் இறங்கிப் பறவை தேடினார் ஆடுபன். அவர் பறவையைத் தீட்ட, அச்சிறுவன் அது அமரும் செடியையும் மலரையும் தீட்டினான். 1821 சனவரியில் அவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தனர்.

கணவர் காடு காடாகத் திரிந்த ஆண்டுகளில், லூசி அம்மையார் லூசியானாவில் சிறுமியர்க்குக் கல்வி கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். அவர் சேமித்த பொருளும் ஆடுபனுடைய கடற்பயணத்துக்கு உதவியது. அமெரிக்காவில் அவருடைய படங்களை அச்சிட எவரும் முன்வராமையால், 1826-இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லிவர்ப்பூலிலும் எடின்பரோவிலும் மக்கள் அவருடைய ஓவியங்களைக் கண்டு வியந்தனர். இலண்டனில் ராபர்ட் ஹேவல் என்னும் செதுக்குக் கலைஞர் அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. ஒரு தாள் மூன்று அடிக்கு மேற்பட்ட நீளமும் இரண்டு அடிக்கு மேற்பட்ட அகலமும் உடையது. அத்துணைப் பெரிய தாளிலும் பூநாரை அடங்கவில்லை. ஆதலின் அதன் கழுத்தை வளைத்துத் தலை தாழ்ந்து நிற்பதாக அவர் வரைந்தார். 1838-இல் 435 படங்களோடு நூல் நிறைவுற்றது. அமெரிக்கப் பறவைகள் என்னும் அந்நூலில் ஏறத்தாழ 200 படிகளே உருவாயின.

பெரியோர் வரலாற்றைக் கற்போர், அவர்தம் குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஆடுபன் ஹெண்டர்சனில் வாழ்ந்தபோது அடிமைகளை விலைக்கு வாங்கினார், விற்கவும் செய்தார். அடிமை முறையை ஒழிக்க முயன்றோரையும் அவர் ஆதரித்தாரல்லர். பறவையின் ஒவ்வோர் இறகையும் உற்றுநோக்கியவர், உடன் வாழ்ந்த மனிதரின் துயரை நோக்காமற்போனது அவர் வாழ்வில் நீங்காத கறை. இக்காரணம் பற்றி, அவர் பெயரைத் தாங்கிய பறவையன்பர் கழகங்கள் சில அண்மைக் காலத்தில் தம் பெயரை மாற்றிக்கொண்டுள்ளன.

முதுமையில் நியூயார்க் நகரில் ஹட்சன் ஆற்றின் கரையில் அவர் வாழ்ந்தார். கண் பார்வை மங்கியது. பின்னர் நினைவும் மங்கியது. 1851-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள், தம் 65-ஆம் வயதில், ஆடுபன் உயிர் நீத்தார்.

அவர் வரைந்த பறவைகளின் கதை அத்துடன் முடியவில்லை. இருப்புப் பாதைகள் பெருகின. தந்திக் கம்பிகள் புறாக்கள் கூடும் இடங்களை வேட்டைக்காரர்க்கு உடனுக்குடன் அறிவித்தன. காடுகள் அழிந்தன. பெட்டி பெட்டியாகப் புறாக்கள் நகரச் சந்தைகளுக்குச் சென்றன. ஆடுபன் வானத்தை மறைக்கக் கண்ட இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்னும் பெயருடைய பெண்புறா, 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு கூண்டில் இறந்தது. ஆடுபன் 1820-இல் படகேறிய நகரும் அதுவே. கரோலினாக் கிளிகள் விரைவாக அருகி வருவதை அவர் தம் காலத்திலேயே கண்டு எழுதியிருந்தார். கூண்டிலிருந்த அவ்வினத்தின் கடைசிக் கிளியும் அதே காட்சிச்சாலையில் 1918 பிப்ரவரியில் மடிந்தது. அவற்றை இன்று காண விரும்புவோர் ஆடுபனின் ஏட்டைத்தான் திறக்கவேண்டும்.

எனினும், அவ்வேடு வேறொரு நன்மைக்கும் வித்தாயிற்று. லூசி அம்மையார் முதுமையில் கல்வி கற்பித்த சிறுவருள் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் ஒருவர். அவர் வளர்ந்து, 1886-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் கழகம் ஒன்றை நிறுவி, அதற்கு ஆடுபனின் பெயரைச் சூட்டினார். அத்தகைய கழகங்கள் நாடெங்கும் தோன்றி மக்களைத் தட்டியெழுப்பின. 1918-ஆம் ஆண்டில், வலசை போகும் பறவைகளைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. புறாவுக்கும் கிளிக்கும் அது காலங்கடந்து வந்த உதவி. ஏனைய பறவைகள் பலவற்றுக்கோ அது உயிர் காத்த வேலி.

இன்று ஆடுபன் நடந்த ஆற்றோரங்களில் மக்கள் துப்பாக்கியின்றித் தொலைநோக்கியுடன் நடக்கின்றனர். பெர்க்கியோமன் ஓடையை ஒட்டி, பழைய இருப்புப் பாதைத் தடத்தில், நடைபாதை ஒன்று அமைந்துள்ளது. மில் குரோவ் வீடு நினைவகமாக விளங்குகின்றது. லூயிவிலுக்கு எதிர்க்கரையிலுள்ள அருவிப் பாறைகளும் ஹெண்டர்சன் காடும் மாநிலப் பூங்காக்களாகக் காக்கப்படுகின்றன. பீபிக் குருவி இன்றும் அங்கே பாறை இடுக்கில் கூடு கட்டுகின்றது. உழவாரன் மாலையில் வட்டமிடுகின்றது. புறாக்கள் மட்டும் வருவதில்லை.

மிகுதியாக இருப்பது என்றும் இருக்கும் என்று எண்ணுதல் மாந்தர் இயல்பு. பறவைகளைப் பிறர் எவரினும் நன்கறிந்த ஆடுபனும் அவ்வாறே எண்ணினார். ஆயினும், தாம் கண்டதைக் கண்டபடியே வரைந்தும் எண்ணியும் வைத்தமையால்தான், இழந்தது எத்துணை என்பதை உலகம் அறிந்தது. நம் ஊர் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் இன்று கூட்டமாக அமரும் பறவைகள் எவை, அவை எத்தனை என்று நாமும் நின்று நோக்கி எண்ணிவைப்போமாக. எண்ணத் தொடங்குவோர்க்கே குறைவது தெரியும். குறைவது தெரிந்தோரே காக்க முற்படுவர்.