எட்வின் ஹோல்: ஓர் ஐயத்தின் விளைவு

நாம் ஏறிச் செல்லும் மின்சாரத் தொடருந்தும், மாடிக்குக் கொண்டு செல்லும் மின்தூக்கியும் மோட்டர்களால் இயங்குகின்றன. மோட்டர் எவ்வளவு மின்னோட்டத்தை உட்கொள்கின்றது என்பதைக் கணந்தோறும் அளந்தாலன்றி அதனைச் செவ்வனே கட்டுப்படுத்தல் இயலாது. அளவு மீறினால் சுருள் கருகும்; குறைந்தால் இழுவிசை குன்றும். அவ்வளவீட்டுக்கு வழிகோலியவர் எட்வின் ஹேர்பேட் ஹோல் என்னும் அறிஞராவார்.

ஹோல் 1855ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திற் பிறந்தார். 1875இல் பட்டம் பெற்று, ஈராண்டுகள் பள்ளிகளிற் கற்பித்தார். பின்னர் பால்ட்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹென்றி ரோலண்டிடம் பௌதிகம் பயின்றார்.

அங்கே மக்ஸ்வெல் எழுதிய மின்னியல் நூலில் ஒரு கருத்து அவர் உள்ளத்தை உறுத்தியது. காந்தம் தள்ளுவது மின்னைக் கொண்டு செல்லும் கம்பியையே, மின்னோட்டத்தையன்று என்றது அந்நூல். மக்ஸ்வெலோ அக்காலப் பௌதிகத்தின் பேரறிஞர். ஆயினும், மின்னோட்டம் இல்லாத கம்பியைக் காந்தம் அசைப்பதில்லையே என ஹோல் ஐயுற்றார். ஆசிரியரிடம் வினவினார், ரோலண்டுக்கும் அதே ஐயம் இருந்தது.

காந்தத்தால் கம்பியின் மின்தடை மாறுகின்றதா என ஹோல் முதலில் ஆராய்ந்தார். மாற்றம் தென்படவில்லை. அடுத்து, ரோலண்ட் முன்பு தடித்த உலோகத் தட்டிற் செய்து பயன் காணாத சோதனையை, அவரது அறிவுரைப்படி, கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய பொற்தகட்டிற் செய்தார். 1879 அக்டோபர் 28ஆம் நாள் வெற்றி கிட்டியது. தகட்டின் நீளவாக்கில் மின்னோட்டம் பாய, காந்தப்புலம் தகட்டை ஊடுருவ, குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. இலத்திரன் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகள் முற்பட்ட காலம் அது! எட்டு நாட்களில் மக்ஸ்வெல் மறைந்தார்.

ஹோல் 1895இல் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பள்ளி மாணவர் பௌதிகத்தைத் தம் கைகளாற் செய்து கற்க வேண்டுமெனச் சோதனைப் பட்டியலொன்றை வகுத்தளித்தார். 1938 நவம்பர் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

உலோகங்களில் அம்மின்னழுத்தம் மிகச் சிறியதாகையால், குறைகடத்திகள் வந்த பின்னரே அது பரந்த பயன் தந்தது. இன்று மோட்டருக்குச் செல்லும் கம்பியைச் சிறு இடைவெளி விட்ட காந்த வளையத்தினூடே செலுத்துகின்றனர். மின்னோட்டத்தாற் பிறக்கும் காந்தப்புலம் வளையத்திற் திரள, இடைவெளியில் அமர்ந்த குறைகடத்தித் துண்டு அதற்கேற்ற மின்னழுத்தத்தைக் காட்டுகின்றது. கம்பியை வெட்டாமல், மின்சுற்றைத் தொடாமல், நேரோட்டத்தையும் ஆடலோட்டத்தையும் அளக்கலாம்.

மாணவச் செல்வங்களே! ஹோல் அந்நூலை மதித்துக் கற்றார். அதனாலேயே ஐயம் எழுந்தது. எழுந்த ஐயத்தைச் சோதித்தும் பார்த்தார். நம் பிள்ளைகள் ஏன் என்று வினவும்போது, பெற்றோராகிய நாமும் ரோலண்டைப் போல் செவிசாய்த்து, சோதித்தறிய வழிகாட்டுவோமாக.