அடைப்புக்குறிக்குள் முதலில் போங்கள்!
(கணித மேதை ஆய்லரின் கதை)



இந்த முறை "கணித மேதைகள்" பகுதியை நான் எழுதுகிறேன். கணக்கில் நான் புலி என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் எடுத்தது 33. இன்னும் 2 மார்க் வந்திருந்தால் பாஸ். அந்த 2 மார்க்கை நான் எங்கே விட்டேன் என்பது எனக்கு நல்லாவே தெரியும்.

கேள்வி இதுதான். எஃப் என்ற சார்பு ஒரு எண்ணை 2 ஆல் பெருக்கி 3 கூட்டும். ஜி என்ற சார்பு ஒரு எண்ணை வர்க்கப்படுத்தும். எஃப்(ஜி(2)) இன் மதிப்பு என்ன?

நான் போட்டது: எஃப்(2) என்றால் 7. ஜி(2) என்றால் 4. நடுவில் அடைப்புக்குறி இருக்கே, அப்போ பெருக்கணும்! 7 × 4 = 28. சந்தோஷமா கட்டம் போட்டு எழுதிட்டு வந்தேன். பக்கத்து பெஞ்சுத் தோழி 49 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 11. மூணு பேருக்கு மூணு விடை மாதிரி ஆயிடுச்சு.

பேப்பர் கொடுத்த அன்று சாயங்காலம் கணக்கு டீச்சரிடம் போய், எனக்குக் கணக்கு வராது டீச்சர், விட்டுடறேன் என்று அழுதேன். டீச்சர் திட்டவில்லை. நூலக அலமாரியைத் திறந்து, கணித மேதைகள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஆய்லரைப் பற்றிப் படித்துவிட்டு, நான் தப்பு பண்ணிய அந்த அடைப்புக்குறி எங்கிருந்து வந்தது என்று சுவர் இதழில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நீங்களும் படியுங்கள்.

பாதிரியார் மகன்

லியோனார்டு ஆய்லர் 1707 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். பக்கத்திலிருந்த ரீஹென் என்ற சிற்றூரில் வளர்ந்தார். மகனும் தன்னைப் போலவே பாதிரியாராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 13 வயதிலேயே பேசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். நாம் அந்த வயதில் எட்டாம் வகுப்பு!

அந்த ஊரில் யோகான் பெர்னூலி என்று ஒரு பெரிய கணிதப் பேராசிரியர் இருந்தார். சிறுவன் ஆய்லருக்குத் தனியாகப் பாடம் எடுக்க அவருக்கு நேரமில்லை. கடினமான புத்தகங்களை நீயே படி, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை மதியம் வா என்று சொல்லிவிட்டார். வாரம் முழுக்க இவர் தானாகவே படிப்பார். முடிந்தவரை கேள்விகளைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைப்பாராம். நமக்கோ கேள்வி கேட்கவே கூச்சம். கேட்காமலேயே பரீட்சைக்குப் போய்விடுகிறோம். கடைசியில் பெர்னூலியே அப்பாவிடம் பேசி, பையனைக் கணிதத்துக்கு விட்டுவிடும்படி சம்மதிக்க வைத்தார்.

சொந்த ஊரில் ஒரு பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 1727 ஆம் ஆண்டு, 20 வயதில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த அறிவியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1733 இல் அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டு திருமணம். 13 குழந்தைகள் பிறந்தார்கள். பெரியவர்களாக வளர்ந்தது ஐந்து பேர்தான்.

அடைப்புக்குறி பிறந்த கதை

சார்பு என்ற பொருளுள்ள சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் லைப்னிட்ஸ். 1718 இல் அதற்கு ஒரு வரையறை எழுதியவர் நம் ஆய்லரின் ஆசிரியர் பெர்னூலி. அவர் ஃபை என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு, பக்கத்திலேயே எக்ஸ் என்று எழுதுவார். அடைப்புக்குறி கிடையாது. உள்ளே இருப்பது வெறும் எக்ஸ் மட்டும் என்றால் அது போதும். ஆனால் எக்ஸை ஏற்கனவே ஏதோ செய்து, வந்த விடையை முழுசாக அந்தச் சார்புக்குள் அனுப்ப வேண்டும் என்றால்? எது உள்ளே, எது வெளியே என்று குழப்பம் வந்துவிடும்.

ஆய்லர் 1734 இல் ஒரு கட்டுரை எழுதினார். அது 1740 இல் அச்சானது. அதில்தான் எஃப் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டார். அந்த அடைப்புக்குறிக்குள் அவர் வெறும் எக்ஸை எழுதவில்லை. எக்ஸை ஒரு மாறிலியால் வகுத்து, இன்னொரு மாறிலியைக் கூட்டிய ஒரு கோவையை எழுதினார். அதாவது உள்ளே ஒரு வேலை நடக்கிறது, அதன் விடைமேல் எஃப் தன் வேலையைச் செய்கிறது. நாம் இன்று சார்புகளின் சேர்க்கை என்று படிப்பது இதைத்தான்!

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பெருக்கல் என்று நினைத்த அடைப்புக்குறி பெருக்கச் சொல்லவே இல்லை. உள்ளே இருப்பதை முதலில் முடி, முடித்துவிட்டு என்னிடம் கொடு என்று எஃப் கையை நீட்டுகிறது, அவ்வளவுதான். (எஃப் ஓ ஜி என்று நடுவில் சின்ன வட்டம் போடுகிறோமே, அது ஆய்லர் காலத்தில் கிடையாது. ரொம்பப் பின்னால் வந்தது.)

அப்படியானால் என் கணக்கு இப்படித்தான் வர வேண்டும்:

முதலில் உள்ளே: ஜி(2) = 2 × 2 = 4
பிறகு வெளியே: எஃப்(4) = 2 × 4 + 3 = 11

என் தோழி வரிசையை மாற்றிவிட்டாள்:

முதலில் எஃப்(2) = 2 × 2 + 3 = 7
பிறகு ஜி(7) = 7 × 7 = 49

அவள் கண்டுபிடித்தது ஜி(எஃப்(2)). கணக்கு சரிதான், கேட்ட கேள்விதான் வேறு. இடமிருந்து வலமாக வாசிக்கிற பழக்கத்தில் எஃப் முதலில் என்று நினைத்துவிட்டாள். யார் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறாரோ அவருக்குத்தான் முதல் வேலை. இதை மட்டும் மறக்காதீங்க.

எங்க அம்மா சொன்னது

எங்க அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாங்க. இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாங்க. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அப்புறம்தான் வெட்டித் தைப்பாங்க. நனைத்ததில் துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடும். பிறகு தைத்தால் ஜாக்கெட் கச்சிதமா இருக்கும். முதலில் தைத்துவிட்டு அப்புறம் நனைத்தால்? லைனிங் உள்ளே இழுத்துப் பிடித்து, ஜாக்கெட் போட முடியாமல் போய்விடும். இரண்டு வேலையும் அதே வேலைதான். வரிசை மாறினால் விடை மாறிடுது. பத்தாவது தாண்டாத எங்க அம்மாவுக்கு இது எப்பவோ தெரிஞ்சிருக்கு.

சில சமயம் வரிசை மாறினாலும் விடை மாறாது. ஒரு சார்பு 2 கூட்டுகிறது, இன்னொன்று 5 கூட்டுகிறது என்றால் எதை முதலில் செய்தாலும் 7 கூடும். ஆனால் அதை நம்பி எல்லாக் கணக்கையும் போட்டால் என் கதிதான்.

இன்னொரு விஷயமும் அம்மாவின் மெஷினில் இருக்கிறது. ஊசி தாங்காத தடிமனான துணியைக் கொடுத்தால் மெஷின் நின்றுவிடும். சார்பும் அப்படித்தான். ஜி ஒரு எண்ணிலிருந்து 5 ஐக் கழிக்கிறது, எஃப் வர்க்கமூலம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்(ஜி(9)) கேட்டால் 9 இல் 5 போக 4, அதன் வர்க்கமூலம் 2. பிரச்சினை இல்லை. எஃப்(ஜி(2)) கேட்டால்? 2 இல் 5 போக -3. குறை எண்ணுக்கு மெய்யெண்களில் வர்க்கமூலம் இல்லை. ஜி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அது கொடுத்ததை எஃப் வாங்க முடியவில்லை. அதனால் இங்கே 5 அல்லது அதற்கு மேலான எண்களைத்தான் உள்ளே விட முடியும். முதல் சார்பு தருகிற விடை இரண்டாவது சார்பின் மதிப்பகத்தில் இருக்கணும் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இப்போதான் புரிந்தது.

கண் போனது, கணக்கு போகவில்லை

இனி ஆய்லரிடம் திரும்புவோம். 1735 வாக்கில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தானது. 1738 இல் வலது கண் பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு வேலையைத் தொடர்ந்தார். 1741 இல் பிரஷ்ய அரசர் அழைத்ததால் பெர்லின் போனார். அங்கே 25 வருடம். 1748 இல் வெளிவந்த அவருடைய புத்தகம்தான் சார்பு என்பதைக் கணிதத்தின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தது. 1760 முதல் 1762 வரை நம்ம வயசில் இருந்த ஒரு இளவரசிக்கு ஒளி, ஒலி, ஈர்ப்பு என்று எல்லாவற்றையும் எளிமையாக விளக்கி இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். அத்தனை பெரிய அறிஞர், ஒரு பெண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று பொறுமையாக எழுதியிருக்கிறார்.

1766 இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க் வந்தார். வந்த கொஞ்ச நாளில் இடது கண்ணில் புரை விழுந்தது. 1771 இல் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாள் பார்வை வந்தது. பிறகு புண்ணாகி அதுவும் போய்விட்டது. அதே 1771 இல் ஊரில் பெரிய தீ. அவர் வீடும் எரிந்தது. அதே ஊரில் இருந்த பேசல்காரர் ஒருவர் உள்ளே ஓடி, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காப்பாற்றினார். 1773 இல் மனைவி இறந்தார்.

வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்து போயிருப்பார்கள். அவர் கற்பலகையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார், மற்றதை வாயால் சொல்லுவார். மகனும் மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். நீளமான கணக்கில் ஒவ்வொரு படியின் விடையையும் மனதிலேயே பிடித்து வைத்து அடுத்த படிக்குப் போவார். அவருடைய படைப்புகளில் ஏறக்குறைய பாதி பார்வை போன பிறகு வந்தவை. 1775 இல் சராசரியாக வாரம் ஒரு கட்டுரை!

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அந்தக் காலத்தில் அவர் ஓர் இயற்கணிதப் பாடநூல் உருவாக்கினார். அது 1770 இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பெரிய மாணவர் யாரும் இல்லை. தையல் தொழில் தெரிந்த, கணக்குப் படிக்காத ஓர் இளைஞர். சாதாரண அறிவுள்ளவர்தான் என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. ஆனால் எழுதி முடிப்பதற்குள் அவரே கடினமான கணக்குகளைத் தானாகப் போடும் அளவுக்கு வந்துவிட்டாராம். ஒவ்வொரு படியையும் விடாமல் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் புரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தையல்காரம்மா மகளான எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

1783 செப்டம்பர் 18 அன்று காலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார். வானத்தில் பறக்கும் பலூன்களைப் பற்றிக் கணக்குப் போட்டார். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 76. எழுதி வைத்த எண்ணூறுக்கும் மேற்பட்ட படைப்புகளில் மிச்சமிருந்ததை அறிவியல் கழகம் அவர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் வெளியிட்டுக்கொண்டே இருந்தது.

முடிக்கும் முன்

அரையாண்டுத் தேர்வு வருகிறது. நான் எத்தனை மார்க் எடுப்பேன் என்று இப்போ சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்புக்குறியைப் பார்த்தால் முன்னே மாதிரி பயம் இல்லை. உள்ளே போய், ஒரு விடையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். கணக்கு வராது என்று சொல்கிற தோழிகள் யாராவது இருந்தால் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாங்க, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எஃப் ஒரு எண்ணிலிருந்து 1 ஐக் கழிக்கும். ஜி 3 ஆல் பெருக்கும். எஃப்(ஜி(5)), ஜி(எஃப்(5)) இரண்டையும் கண்டுபிடியுங்கள். இந்த இரண்டு வரிசையும் ஒரே விடை தருகிற எண் ஏதாவது இருக்கிறதா? விடையைக் காரணத்தோடு எழுதி கணக்கு டீச்சரிடம் கொடுக்கவும். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த சுவர் இதழில்!



– பத்தாம் வகுப்பு மாணவி, ஆ பிரிவு