பென்சிலினைக் கண்டுபிடித்தவரே கொடுத்த எச்சரிக்கை... அலெக்சாண்டர் ஃபிளெமிங் தேடிய 'சாகாத கிருமிகள்'!

1945 டிசம்பர் 11. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம். நோபல் பரிசு பெற்ற ஒரு மருத்துவர் உரையாற்ற வருகிறார். உலகப்போரில் காயம்பட்ட எத்தனையோ வீரர்களைக் காப்பாற்றிய பென்சிலினைக் கண்டுபிடித்தவர் அவர். பெருமையா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால், உரையின் முடிவில் ஒரு கற்பனைக் கதையைச் சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. அவரே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகும் அளவுக்கு அல்ல, மருந்தைத் தாங்கப் பழகும் அளவுக்கு. பழகிய அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா. பென்சிலின் கொடுத்தும் பலனில்லை. மனைவி இறந்துபோகிறார்.

கதை சொன்னவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். மருந்து கண்டுபிடித்தவருக்கு ஏன் இந்தப் பயம்?

யார் இந்த ஃபிளெமிங்?

1881 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் டார்வெல் ஊருக்கு அருகே, ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 7 வயதில் அப்பாவை இழந்தார். பதின்ம வயதில் லண்டனுக்கு வந்து, கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக 4 ஆண்டுகள் வேலை பார்த்தார். உறவினர் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு பங்கு கிடைக்க, செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார். அதே இடத்தில் ஆய்வாளராகவும் ஆனார்.

முதல் உலகப்போரில் பிரான்ஸில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். குண்டடிபட்டு வந்த வீரர்கள் புண் அழுகி இறப்பதைத் தினமும் பார்த்தார். ஆழமான புண்களில் ஊற்றிய கிருமிநாசினி கிருமியைவிட உடலின் சொந்த செல்களைத்தான் அதிகம் அழித்தது. உடலுக்குத் தீங்கு செய்யாமல் கிருமியை மட்டும் கொல்லும் பொருள் கிடைக்குமா? இதுதான் அதன்பிறகு அவரது தேடல்.

1928-ல் என்ன நடந்தது?

செப்டம்பர் தொடக்கத்தில் விடுமுறை முடிந்து ஆய்வகம் திரும்பினார். ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியா கரைந்து, தெளிவான ஒரு வளையம். பூஞ்சை சுரந்த அந்தப் பொருளுக்குத்தான் பென்சிலின் என்று பெயர் வைத்தார்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலருக்கும் தெரியாதது அடுத்து அவர் செய்ததுதான்.

பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் பென்சிலின் கலவையை நிரப்பினார். பள்ளத்துக்குக் குறுக்கே பலவகைக் கிருமிகளைக் கோடு கோடாக இழுத்துவிட்டார். சில கோடுகள் பள்ளத்துக்கு வெகு முன்பே நின்றுவிட்டன. சில கோடுகள் பள்ளத்தை ஒட்டியே ஜோரா வளர்ந்தன. எந்தக் கிருமி சாகும், எது சாகாது என்று ஒரே தட்டில் தெரிந்துவிட்டது.

1929-ல் வெளியான அவரது கட்டுரையின் தலைப்பிலேயே, பென்சிலினுக்குச் சாகாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் வழிதான் பயன்பாடாகக் குறிப்பிடப்பட்டது. ஆமாம், மருந்தாவதற்கு முன்பே பென்சிலின் ஒரு சோதனைக் கருவி!

எச்சரிக்கை பலித்ததா?

பென்சிலினைப் பிரித்தெடுத்து மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழு. நோபல் பரிசும் மூவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 1940-லேயே செயினும் ஆபிரகாமும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சில பாக்டீரியாக்கள் பென்சிலினை உடைக்கும் என்சைம் ஒன்றைச் சுரந்தன. 1940-களின் இறுதிக்குள், லண்டன் மருத்துவமனை ஒன்றில் எடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரிகளில் பாதிக்கும் மேல் பென்சிலினுக்கு அடங்கவில்லை. ஃபிளெமிங் உயிரோடு இருக்கும்போதே அவரது பயம் நிஜமாகிவிட்டது.

1955 மார்ச் 11 அன்று மாரடைப்பால் காலமானார். அவரது அஸ்தி லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் உள்ளது.

இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிறுநீர், ரத்தம் எடுத்து 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்புகிறார்களே, அதில் பார்ப்பதும் அதே வளையத்தைத்தான். மருந்து தடவிய சிறு வில்லைகளைத் தட்டில் வைப்பார்கள். சுற்றிலும் போதிய அளவு வளையம் விழுந்தால் மருந்து வேலை செய்யும். இல்லையென்றால் செய்யாது. சிக்கல் என்னன்னா, பாக்டீரியா வளர நேரம் வேண்டும். முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகலாம். ரத்தத்தில் தொற்று பரவிய நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இங்கேதான் வேதியியல் உணரிகள் வருகின்றன. இவை கிருமி வளரும்வரை காத்திருக்காமல், அது மருந்தை உடைக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கின்றன. நைட்ரோசெஃபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை அந்த என்சைம் உடைத்தால் சிவப்பாக மாறிவிடும். 2012-ல் பிரான்ஸில் உருவான 'கார்பா என்பி' சோதனையில், கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்றான இமிபெனெமை பாக்டீரியா உடைத்தால் அமிலம் உண்டாகி, சிவப்பு திரவம் மஞ்சளாகும். வளர்த்தெடுத்த பாக்டீரியா கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விடை.

ஆனால் எல்லா பாக்டீரியாவும் மருந்தை உடைத்துத் தப்பிப்பதில்லை. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். நிறம் மாறும் சோதனையில் இவை சிக்காது. அதனால் பழைய தட்டுக்கு இன்னும் ஓய்வில்லை.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. ஃபிளெமிங் கதையில் இறந்தது ஒரே ஒரு பெண். தொண்டை வலிக்கு நாமே கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குமுன், அந்தக் கதையை ஒருமுறை நினைச்சுப் பார்க்கலாம்.