முத்துலட்சுமி ரெட்டி: லண்டன் தாரும் அடையாறின் 12 படுக்கைகளும்

வெற்றிலை, சீவல், கூடவே கொஞ்சம் புகையிலை. தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கு இறங்குறவங்க பலர் இடுப்பில் இந்தச் சுருக்குப் பை இருக்கும். அந்தச் சாறு கன்னத்தின் உள்தோலை என்ன செய்யுது? இதற்கான விடையை அறிவியல் தேடிய காலமும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் காலமும் ஒன்றுதான்.

தஞ்சைக்குத் தெற்கே, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30-ல் பிறந்தார். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குடும்பத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம். தேவதாசி ஒழிப்பு, சட்ட மேலவை, அவ்வை இல்லம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கு.

1923-ல் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியல. 1925-ல் லண்டன் போன முத்துலட்சுமி, அங்கே புற்றுநோய் மருத்துவமனையில் (இன்றைய ராயல் மார்ஸ்டன்) பயிற்சி எடுத்தார்.

அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில்தான் எர்னஸ்ட் கென்னவே அப்போ தாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாரில் எது தோலில் புற்று வைக்குது? அவரது குழு 1933-ல் பிரித்தெடுத்த பொருள் பென்சோபைரீன். பீடி, சிகரெட் புகையில் இருப்பதும் அதுவே.

அது நேரடியா கெடுதல் செய்யறதில்லை. உடம்பு அதை வெளியேற்றுவதற்காக நொதிகளால் மாற்றப் பார்க்கும். அப்படி மாறும்போதுதான், கிடைத்ததோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் வடிவம் உருவாகுது. வினோதம்தான்! 1951-ல் அமெரிக்காவின் எலிசபெத் மில்லர் எலியின் தோலில் பென்சோபைரீன் தடவினார். மேல்தோல் புரதங்களோடு அது இறுகப் பிணைந்திருந்தது. அப்போ புரதம்தான் முதல் சந்தேக நபர். 1964-ல், கென்னவே இருந்த அதே நிறுவனத்தில், புரூக்ஸும் லாலியும் எலித்தோலை மறுபடி பார்த்தார்கள். டிஎன்ஏ-வில் அதிகம் ஒட்டும் ரசாயனமே கடுமையான புற்றை உண்டாக்கியது. புரதத்தோடு அந்தக் கணக்கு பொருந்தல. புகையிலையின் நைட்ரோசமைன்களும் இப்படித்தான், உடம்புக்குள்ளே உருமாறி டிஎன்ஏ-வைப் பிடிக்கும்.

இதற்கு நடுவே, சாகப்போகும் நோய்க்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி என்ற பேச்சையெல்லாம் தாண்டி, நன்கொடை திரட்டி, 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார் முத்துலட்சுமி. குடிசைகளில்தான் ஆரம்பம். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டெல்டாவிலிருந்து வாய்ப்புற்றோடு சென்னைக்கு பஸ் ஏறுபவர்களுக்கு இன்றும் தெரிந்த பெயர் அடையாறுதான்.

1968 ஜூலை 22-ல் அவர் மறைந்தார். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்று வைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 2003-ல்.